முன்சக்கரத்துப் பிரேக்

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் பார்க்கும் வேலைக்குச் சம்பளம் தருவதே சந்தேகப்படுவதற்குத்தான். மிளகு ஏற்றுமதி செய்யும் கிடங்கு ஒன்றில் சரக்கின் தரம் பார்க்கிறேன். மூட்டையில் குத்தூசியை இறக்கி, வரும் ஒரு பிடியை உள்ளங்கையில் உருட்டிப் பார்க்க வேண்டும். ஈரம் இருக்கிறதா, பப்பாளி விதை கலந்திருக்கிறதா, கறுப்பாகப் பளபளக்கட்டும் என்று யாராவது எண்ணெய் தடவியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சிரித்துக்கொண்டே வரும் வியாபாரியின் மூட்டையை இரண்டு இடத்தில் குத்துவேன். பழக்கடையிலும் மருந்துக்கடையிலும் இந்தப் புத்தி கூடவே வரும். நான் கல்யாணத்தன்று தாலியைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருப்பேன் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

இப்படிப்பட்டவன் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். எழுபதுகளில் இங்கிலாந்தில் செய்தது, இரட்டை சிலிண்டர். வேலைக்குப் போக ஸ்கூட்டர் இருக்கிறது. இது ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். வைட்டிலாவுக்கு அப்பால் என் மச்சினி வீடு. மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அங்கே போய் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வருவோம். மகள் வெளியூரில் வேலையில் இருக்கிறாள், வீட்டில் மாமனார் இருக்கிறார், வாரத்தில் நாங்கள் இருவர் மட்டும் சேர்ந்திருக்கும் நேரம் அந்தப் பயணம்தான். அவள் என் காதருகே பேசிக்கொண்டே வருவாள். காற்றில் பாதிதான் கேட்கும், மீதிக்கும் சேர்த்துத் தலையாட்டுவேன்.

வண்டிக்கு இருந்த ஒரே குறை முன் பிரேக். முன்சக்கரத்தின் பக்கவாட்டில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் இரும்பு டிஸ்க் இருக்கிறது. கைப்பிடியில் லீவரை அழுத்தினால் இரண்டு பேடுகள் இரு பக்கமும் அந்த டிஸ்க்கை நெரித்துப் பிடிக்கும். எங்கள் வண்டியில் அவை பிடித்ததைவிட வழுக்கியதுதான் அதிகம். லீவர் கல் மாதிரி இருக்கும். நாலு விரலாலும் அழுத்தினால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டு நிற்கும். வேகம் குறைவான காலத்தில் இது போதுமாக இருந்திருக்கலாம். இன்றைக்கு முன்னால் போகும் ஆட்டோ எந்த நொடி நிற்கும் என்று அதை ஓட்டுபவருக்கே தெரியாது.

பள்ளுருத்தியில் ஒரு மெக்கானிக்கைச் சொன்னார்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அவரிடம்தான் போகிறார்கள், கைராசிக்காரர் என்றார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னதே எனக்கு உறுத்தியது. ஆள் அதிகம் பேசமாட்டார். எதைக் கேட்டாலும் உதட்டோரம் ஒரு சிரிப்பு. வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, எப்போதாவது விற்பதாக இருந்தால் முதலில் தன்னிடம் சொல்ல வேண்டும் என்றார். நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

அவர் சொன்ன காரணங்கள் சரியாகத்தான் இருந்தன. டிஸ்க்கின் மேல் அழகுக்காகக் குரோம் பூசியிருக்கிறது. வழுவழு என்று இருக்கும் அதில் பேடு பிடிக்காது, லேத்தில் கொடுத்துச் சீவிவிட்டால் வெறும் இரும்பு நன்றாகப் பிடிக்கும். லீவருக்குப் பக்கத்தில் எண்ணெயைத் தள்ளும் பிஸ்டன் தேவைக்கு மேல் பருமன், அதனால்தான் நம் கையின் பலமெல்லாம் வீணாகிறது. ஒல்லியான பிஸ்டன் போட வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தும்போதெல்லாம் உப்புகிறது, அதற்குப் பதில் கம்பி பின்னிய ஹோஸ் வேண்டும். நான் வேலைக்கு லீவு போட்டு அவர் கொட்டகையில் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். கழற்றும் சாமான் மாறிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் சாவியால் சின்னதாகக் கீறி வைத்தேன். அதையும் பார்த்தார். அதற்கும் அதே சிரிப்பு.

குரோம் போய்விட்டதால் நம் ஊர் உப்புக்காற்றில் டிஸ்க் ஒரே ராத்திரியில் சிவந்துவிடும், கவலைப்பட வேண்டாம், பத்தடி ஓட்டி இரண்டு தரம் பிரேக் பிடித்தால் துரு போய்விடும் என்று சொல்லி வண்டியைக் கொடுத்தார். அது ஒரு வியாழக்கிழமை. வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு விரலால் தொட்டேன். முகம் டேங்கில் மோதாத குறையாக வண்டி நின்றது. சந்தோஷத்தில் தெருவில் மூன்று தரம் போய்வந்தேன். மனைவி ஜன்னலிலிருந்து பார்த்து, ஞாயிற்றுக்கிழமைக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோப்பும்படி பாலத்தின் இறக்கத்தில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. லீவரை அழுத்தினேன். லீவர் உறுதியாகத்தான் இருந்தது, வண்டிதான் நிற்கவில்லை. பேடு டிஸ்க்கைத் தடவிக்கொடுத்துக்கொண்டே போவது கையில் தெரிந்தது. பின் பிரேக்கை மிதித்ததில் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கியது. முன்சக்கரம் பஸ்ஸின் பின்புறத்தில் முட்டி நின்றபோது என் முதுகுக்குப் பின்னால் அவள் இல்லை. ரோட்டில் இடது கையை ஊன்றி விழுந்து கிடந்தாள். பின்னால் வந்த ஆட்டோ அவள் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

மணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தாள். மாமனார் வாசலில் நின்றிருந்தார். ஏலூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு எங்களோடு இருக்கிறார். சாமான்களைத் துருப்பிடிக்காமல் அடுக்கிவைப்பது அவர் தொழிலாக இருந்தது. வண்டி ஓட்டியதில்லை, எங்கே போனாலும் பஸ்தான். மகள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் மனைவி என்னிடம் நிதானமாகச் சொன்னாள், வண்டியை விற்றுவிடலாம் என்று. இனி மச்சினி வீட்டுக்கு வாட்டர் மெட்ரோ படகிலும் பஸ்ஸிலும் மாறிப் போய்க்கொள்ளலாம், இந்த வண்டியில் மட்டும் ஏறமாட்டேன் என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் ஏறாத வண்டி எனக்கு எதற்கு? யார் செய்த கோளாறு என்று கண்டுபிடித்துக் காட்டினால் மனம் மாறுவாள் என்று நம்பினேன்.

யார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. மறுநாள் பள்ளுருத்திக்குப் போய் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். மெக்கானிக் பேடுகளைக் கழற்றினார். டிஸ்க்கை உரசும் பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. மூக்கருகே வைத்து முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

“சாரே, வீட்டில வேற ஆராவது இந்த வண்டியத் தொடுமோ?”

யாரும் தொடமாட்டார்கள், என் தலையில் மிளகாய் அரைக்க வேண்டாம் என்றேன். சரி என்று தலையாட்டினார். புது பேடு போட்டு சனிக்கிழமை தானே வீட்டில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். இவர் யாருக்கும் வண்டியைக் கொண்டுபோய்க் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

சனிக்கிழமை கிடங்கிலிருந்து காலையிலேயே பாதியில் வந்துவிட்டேன். வாசலில் அவரும் என் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் பேச்சு நின்றது. என்ன கோளாறு என்று கேட்டேன்.

“இனி பேடிக்கண்டா, சாரே,” என்றார். பயப்பட வேண்டாமாம். கோளாறு என்ன என்று கேட்டவனுக்கு இது ஒரு பதிலா? ஞாயிற்றுக்கிழமை தனியாக ஓட்டிப் பார்த்தேன். பிரேக் அருமையாகப் பிடித்தது. அதுதான் என் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது. ஒருவர் நினைத்தால் கெடுக்கவும் நினைத்தால் சரிசெய்யவும் முடிகிறது என்றால் என்ன அர்த்தம்?

அதன் பிறகு வீட்டில் நடந்ததெல்லாம் எனக்குச் சாட்சியாகவே பட்டது. நான் உள்ளே வந்தால் மனைவி போனை வைத்துவிடுவாள். ஒரு தரம் திரையில் மெக்கானிக்கின் எண்ணைப் பார்த்தேன். தங்கையிடம் பேசியதாகச் சொன்னாள். சமையலறையில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு பாட்டில் தின்னர் இருந்தது. பெயிண்ட் கடையில் விற்கும் சாமானுக்கு அங்கே என்ன வேலை? அடுப்பு துடைக்க என்றாள். நம் வீட்டு அடுப்பு சோப்புத் தண்ணீரைத் தவிர எதையும் கண்டதில்லை. வாராவாரம் மட்டும் தவறாமல் கேட்டாள், வண்டியை எப்போது விற்கப்போகிறீர்கள் என்று.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மெக்கானிக்குக்கு வண்டி மேல் கண். பிரேக்கை வேண்டுமென்றே தளர்த்திவிட்டிருக்கிறார். அவள் விழுந்ததும், அந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டு அவளையும் தன் பக்கம் இழுத்துவிட்டார். நான் அலுத்துப்போய் விற்கும்வரை இருவரும் காத்திருக்கிறார்கள். கட்டிய மனைவியைப் பற்றி இப்படி யோசிக்கிறோமே என்று கொஞ்சம் கூசியது. கூச்சத்தைத் தள்ளிவைத்துவிட்டு மேலே யோசித்தேன். மெக்கானிக் வீட்டுக்கு வந்தது சனிக்கிழமை. வண்டியில் எதையோ செய்ய வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கு முன் சனிக்கிழமைதான் வசதி. அன்று காலையில் நான் வீட்டில் இருப்பதும் இல்லை.

ஆகவே ஒரு சனிக்கிழமை வழக்கம்போலக் கிளம்பினேன். ஸ்கூட்டரை அடுத்த தெருவில் விட்டுவிட்டு நடந்து திரும்பி வந்தேன். எங்கள் வீட்டுக்கு எதிரே பூட்டிக்கிடக்கும் சுக்குக் கிடங்கின் தூணுக்குப் பின்னால் நின்றேன். அங்கிருந்து கேட்டின் கம்பிகள் வழியாக வண்டி முழுசாகத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு சுமைதூக்கி போகிற போக்கில் என்னைப் பார்த்து என்ன என்று சைகையில் கேட்டார். போன் பேசுவதுபோலக் காதில் கையை வைத்துக்கொண்டேன்.

முதலில் வெளியே வந்தவர் மாமனார். இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய், கையில் கிண்ணம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை அவர் விட்டதே இல்லை. கொச்சியில் அது தேங்காயெண்ணெய்தான். தேய்த்த எண்ணெய் உடம்பில் ஊறுவதற்கு அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி சும்மா உட்கார அவரால் முடியாது. கிண்ணத்தில் மிச்சமிருந்த எண்ணெயில் ஒரு துணியை நனைத்து கேட்டின் கீலுக்குத் தடவினார். தாழ்ப்பாளுக்குத் தடவினார். ஜன்னல் கொக்கி, அரிவாள்மனை, கத்தரிக்கோல் என்று ஒவ்வொன்றாக வந்தார். பிறகு வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ராத்திரிக் காற்றில் டிஸ்க் செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது. நாக்கைச் சப்புக்கொட்டினார். துணியை நன்றாகத் தோய்த்து, டிஸ்க்கின் இரண்டு பக்கமும், ஓரமும், பேடு கவ்வியிருக்கும் இடுக்கும் விடாமல், குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோலத் தேய்த்தார். ஏலூர் ஸ்டோரில் இரும்பைக் காப்பாற்றிய கை அது.

குரோமைச் சீவாதவரை அந்த டிஸ்க்கில் துரு இல்லை, அவர் கையும் அதன் பக்கம் போகவில்லை. பிரேக் நன்றாகப் பிடிக்கட்டும் என்று வெறும் இரும்பாக்கினேன். வெறும் இரும்பைப் பார்த்து அவர் எண்ணெய் போட்டார். மிளகில் ஒரு சொட்டு எண்ணெய் இருந்தாலும் மோப்பம் பிடிக்கிறவன் நான். தலையிலும் தாளிப்பிலும் தேங்காயெண்ணெய் மணக்கும் வீட்டில் அந்த வாசனை எனக்கு உறைக்கவே இல்லை. கோபம் பொங்கியது. சொந்த மகளை ரோட்டில் தள்ளியது அவர்தான் என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்போல இருந்தது. தெருவில் காலை வைத்துவிட்டேன்.

அதற்குள் மாமனார் கிண்ணத்தோடு உள்ளே போக, மனைவி வெளியே வந்தாள். கையில் அந்தத் தின்னர் பாட்டிலும் ஒரு வெள்ளைத் துணியும். மாவுக்கட்டு எடுத்துவிட்டிருந்தாலும் இடது மணிக்கட்டில் இன்னும் துணிக்கட்டு இருந்தது. ஒரு தரம் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு அப்பா உட்கார்ந்த அதே இடத்தில் மண்டியிட்டாள். துடைத்தாள். சக்கரத்தைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி துடைத்தாள். இடுக்கில் துணியை நுழைத்து இழுத்தாள். வலி எடுத்தபோது கையை உதறிக்கொண்டாள். துணியை மாற்றி, முகர்ந்து பார்த்து, இன்னொரு தரம் துடைத்தாள். நான் தெருவின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு சைக்கிள்காரர் மணி அடித்தும் நகரவில்லை.

உள்ளே போனேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சமையலறையில் அவள் பாட்டிலை டப்பாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

மெக்கானிக் அன்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் மாமனார் கிண்ணத்தோடு வந்து முன்சக்கரத்தருகே உட்கார்ந்தாராம். பேடில் அடித்த வாசனை எங்கிருந்து வந்தது என்று மெக்கானிக்குக்கு அப்போதே விளங்கிவிட்டது. மனைவியிடம் சொன்னார். அவள் கையெடுத்துக் கும்பிட்டு, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். என்ன வைத்துத் துடைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். நான் கத்தியதை வாங்கிக்கொண்டவர், அதற்குப் பிறகும் வாயைத் திறக்கவில்லை. இருவரும் எதையோ மறைக்கிறார்கள் என்று நான் நினைத்தது சரிதான்.

“என்கிட்ட ஏன் சொல்லலை?” என்றேன்.

“சொன்னா நீங்க அப்பாகிட்டச் சொல்லிடுவீங்க. ஒண்ணைக் கண்டுபிடிச்சா உங்களால அதை உள்ள வச்சுக்க முடியாது.”

அவளே தொடர்ந்தாள். “அம்மா போனதுக்கப்புறம் இந்த வீட்டில அவருக்குன்னு உள்ள வேலை அது ஒண்ணுதான். என் கை ஒடிஞ்சது தன்னாலன்னு தெரிஞ்சா பின்னே அவர் எதையும் தொடமாட்டார். ஒரு மூலையில இருந்துடுவார். முதல்ல பயந்து சொன்னேன், அப்புறம் வாராவாரம் வண்டியை வித்துடுங்கன்னு கேட்டது அதுக்குத்தான்.”

எனக்கு வலித்தது, மறைக்க ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் பள்ளுருத்திக்காரரை நம்பியிருக்கிறாள், என்னை நம்பவில்லை. அதைவிட வலித்தது, அவள் சொன்னதில் தப்பே இல்லை என்பது. தெருவைத் தாண்டியபோது என் நாக்கு நுனியில் அந்த வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. சொல்லாதீர்கள் என்று அவள் கெஞ்சவில்லை. தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை மூவரும் புட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமனார் என்ன நினைத்தாரோ, அவராகவே ஆரம்பித்தார்.

“மாப்பிள்ளை, அந்த பிரேக்கை இத்தனை நாளா நோக்கறீங்களே. என்னன்னு கண்டுபிடிச்சீங்களா?”

கடலைக்கறி எடுத்துக்கொண்டிருந்த மனைவியின் கரண்டி பாத்திரத்திலேயே நின்றது. கண்டுபிடித்துவிட்டேன், மாமா. காரணமும், ஆளும், கிழமையும், கிண்ணமும் எல்லாம் தெரியும். என் தொழிலில் இதைவிடச் சுத்தமாக ஒன்றை நான் கண்டுபிடித்ததில்லை. தண்ணீர் குடித்தேன்.

“பிரேக்ல ஒண்ணும் இல்லை, மாமா. நான்தான் நேரத்துக்குப் பிடிக்கலை. கவனம் வேற எங்கயோ இருந்தது.”

அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். கிடங்கில் நான் மூட்டைகளைப் பார்க்கும் பார்வை அது. என் மேல் அது விழுவது அதுதான் முதல் தடவை.

“என் மோளைப் பின்னால வச்சுக்கிட்டு உங்க கவனம் வேற எங்கே போச்சு?” என்றார். பாதிப் புட்டைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு பல நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மனைவி சாப்பிட்டு முடித்து, பாத்திரங்களை ஒதுக்கிவைத்து, அலமாரியின் மேலிருந்து தன் ஹெல்மெட்டை எடுத்துத் தூசி தட்டினாள்.

வண்டியை விற்கவில்லை. சனிக்கிழமை வேலைக்குத் தாமதமாகப் போக அனுமதி வாங்கிக்கொண்டேன். மாமனார் கிண்ணத்தை எடுப்பதற்கு முன்பே வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளுருத்திக்குப் போய்விடுவேன். மெக்கானிக் ஸ்டூலைத் தள்ளிப்போட்டு சாயா வரவழைப்பார். நடந்ததைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் பிறர் வண்டியைக் கழற்றும்போது கையை உற்றுப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் என்னால் விட முடியவில்லை. வீட்டு வேலை பார்க்காமல் சனிக்கிழமையும் ஊர் சுற்றப் போகிறேன் என்று மாமனார் மகளிடம் குறைப்பட்டுக்கொள்கிறாராம். கேட் கீல் மட்டும் நன்றாகவே திறக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கிளம்பும்போது அவர் வாசலுக்கு வருவார். என்னைப் பார்க்கமாட்டார். மகளிடம்தான் சொல்வார், எனக்குக் கேட்கும்படி.

“கெட்டியாப் பிடிச்சுக்கோ, மோளே. இவர் பிரேக் பிடிக்க லேட்டாகும்.”

“சரிப்பா,” என்று அவள் ஏறி உட்காருவாள். நான் பதில் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று அவளுக்கு இன்னும் சந்தேகம். தெருமுனை திரும்பும்வரை என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பாள்.